ஓட்டுப் பெட்டியும் நிறுத்தும் பொத்தானும்: நான்கு வருடம் டோக்கன் ஓட்டுப் போட்டவளின் மதிப்புரை

ஓட்டு முடிய இன்னும் இரண்டு மணி பதினான்கு நிமிடம். திரையில் முன்மொழிவின் தலைப்பு ஒரே வரி. கீழே விளக்கம், உருட்டிக்கொண்டே போனால் பதினோரு பக்கம். அதற்கும் கீழே, ஓட்டு ஜெயித்தால் பிளாக்செயின் சங்கிலியில் தானாக ஓடப்போகும் கட்டளை: எண்ணும் எழுத்தும் கலந்து ஆறு வரி, இடைவெளியே இல்லாமல். வலது ஓரத்தில் என் ஓட்டின் பலம், 0.0003 சதவீதம்; கையில் தளத்தின் டோக்கன், அதாவது அதன் டிஜிட்டல் நாணயம், எவ்வளவோ அவ்வளவு பலம். ஏற்கெனவே 96 சதவீதம் ஆதரவு விழுந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் இரண்டே வாலட்டுகள், அதாவது டோக்கன் கணக்குகள், போட்டவை.

இந்தத் திரையை நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது தளங்களில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். தொழில் மென்பொருள் சோதனை. பதினேழு வருடமாக என் வேலையே யாரும் தொடாத பொத்தானைத் தொட்டுப் பார்ப்பதுதான். பிளாக்செயின் தளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தை அலசுகிறார்கள், கட்டணத்தை அலசுகிறார்கள், வட்டியைப் பைசா பைசாவாக ஒப்பிடுகிறார்கள். அந்தத் தளத்தை யார் நடத்துகிறார்கள், முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு சேவையாக நினைத்து, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரும் தட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மையமாக ஒருவர் நடத்துவது நல்லதா, பரவலாக எல்லோரும் சேர்ந்து நடத்துவது நல்லதா என்ற கேள்வியோடு வருகிறவர்களுக்கு இதில் தீர்ப்பு கிடைக்காது. நானும் அந்தக் கேள்வியோடுதான் உள்ளே வந்தேன். இப்போது நான் கேட்பவை வேறு. நிறுத்தும் பொத்தான் யார் கையில்? விதியை மாற்றும் சாவி யார் கையில்? மாற்றம் முடிவான பிறகு, அமலுக்கு வருவதற்குள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப எனக்கு எத்தனை நாள்?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சந்திப்பது ஸ்னாப்ஷாட்டை. பயன்படுத்த இதைவிட எளிதான ஓட்டுப் பெட்டி கிடையாது. வாலட்டை இணைத்து, விருப்பத்தைத் தேர்ந்து, ஒரு கையொப்பம் போட்டால் முடிந்தது. சங்கிலியில் பரிவர்த்தனை எதுவும் போகாததால் கட்டணம் இல்லை. பரிவர்த்தனைகள் பிளாக் பிளாக்காகத்தான் சங்கிலியில் சேரும்; முன்மொழிவு திறக்கும்போது குறித்துவைத்த பிளாக்கில் யாரிடம் எவ்வளவு டோக்கன் இருந்ததோ அதுதான் கணக்கு. ஓட்டு நடக்கிறது என்று கேள்விப்பட்டு அன்றைக்கு ஓடிப்போய் வாங்கிய டோக்கன் செல்லாது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

பயன்பாட்டுக்கு ஐந்தில் ஐந்து. ஆனால் ஸ்னாப்ஷாட் ஓட்டை எண்ணும், அதோடு சரி. எண்ணிய முடிவைச் சங்கிலியில் செயல்படுத்த ஒரு கை வேண்டும். பல தளங்களில் அந்தக் கை ஒரு மல்டிசிக் வாலட், அதாவது உதாரணத்துக்கு ஐந்து பேரில் மூன்று பேர் கையொப்பமிட்டால் திறக்கும் பெட்டி. ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டாலும் அந்த மூன்று பேர் கை அசைந்தால்தான் எதுவும் நடக்கும். ஆயிரம் பேரும் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த மூன்று பேரால் எதுவும் நடத்த முடியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டோக்கனை வைத்தால் வட்டி தரும் சிறிய தளம் ஒன்றில் எட்டு மாதச் சேமிப்பைப் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம். முகப்பிலேயே 'சமூகமே நடத்தும் தளம்' என்று எழுதியிருந்தது. ஓட்டுகளும் ஒழுங்காக நடந்தன. லோகோ நிறத்துக்குக்கூட ஓட்டு வைத்தார்கள். ஒரு நாள் காலையில் 'எடு' பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. அழுத்தினால் பிழைச் செய்தி. அரட்டைக் குழுவில் கேட்டால் "டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரே பதில், கூடவே ஒரு இதயப் படம். எதற்கு நிறுத்தினார்கள், யார் நிறுத்தினார்கள், எந்த ஓட்டில் முடிவானது? எதற்கும் பதில் இல்லை.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? அந்தத் தளத்தின் மல்டிசிக் முகவரியை எடுத்து, கையொப்பக்காரர்கள் ஐந்து பேரின் முகவரிகளையும், சங்கிலியின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்க உதவும் பிளாக் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். புதிய வாலட்டுக்கு முதன்முதலில் கட்டணப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அந்த முதல் வரவைத்தான் தேடினேன். ஐந்தில் மூன்று வாலட்டுகளுக்கு ஒரே முகவரியிலிருந்து, ஒரே அளவு ஈதர் (எத்தீரியம் சங்கிலியின் நாணயம்), ஒன்பது நிமிட இடைவெளிக்குள் வந்திருந்தது. மூன்று பேர் என்று நினைத்தது, மூன்று தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆளாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பத்தொன்பது நாள் கழித்துப் பொத்தான் மறுபடி பச்சையானது. என் பணம் முழுசாகத் திரும்பியது. ஆனாலும் அன்றிலிருந்து நான் ஓட்டுப் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சாவிக் கொத்தைப் பார்க்கிறேன்.

ஓட்டின் முடிவை மனிதக் கை இல்லாமல் சங்கிலியே நிறைவேற்றும் வகையும் உண்டு. காம்பவுண்ட் என்ற கடன் தளம் போட்ட அச்சு அது. பிறகு நிறையப் பேர் அதே அச்சில் வார்த்துக்கொண்டார்கள். முன்மொழிவு வந்தால் படித்துப் பார்க்க 2 நாள், ஓட்டுக்கு 3 நாள், ஜெயித்தால் டைம்லாக் என்ற காத்திருப்பில் 2 நாள். ஆக ஒரு வாரம். ஓட்டுப் போடப் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு; நெரிசல் நேரத்தில் என் டோக்கனின் மதிப்பைவிட ஓட்டுக் கட்டணம் அதிகமாக இருந்த நாட்களும் உண்டு. என்னைப் போன்ற சின்ன ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்று எரிச்சலாக வரும்.

ஆனால் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அது இரு பக்கமும் வெட்டும். 2021 செப்டம்பர் கடைசியில் காம்பவுண்டில் 62-ஆம் முன்மொழிவு நிறைவேறி அமலானது. அதில் ஒரு பிழை. வெகுமதி டோக்கன்களைத் தகுதிக்கு மேல் அள்ளிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிழை எங்கே என்று கிட்டத்தட்ட உடனேயே கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்த முடியவில்லை. திருத்தமும் ஒரு முன்மொழிவுதான், அதுவும் ஏழு நாள் வரிசையில் நின்றாக வேண்டும். பல மில்லியன் டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் கைமாறுவதை அதை எழுதியவர்களே கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்காரியாக எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வேலையில் தவறான பதிப்பு வெளியே போனால் பத்து நிமிடத்தில் பழையதைத் திரும்பப் போடுவோம்.

அதே காம்பவுண்டில் 2024 ஜூலையில் வேறு மாதிரி. பெரிய கை ஒன்று டோக்கன்களைச் சேர்த்துக்கொண்டு, தளத்தின் கருவூலத்திலிருந்து 4,99,000 காம்ப் டோக்கன்களை (காம்பவுண்டின் ஓட்டு டோக்கன்), அப்போதைய மதிப்பில் சுமார் 24 மில்லியன் டாலர், தங்கள் ஆட்கள் உருவாக்கிய திட்டத்துக்கு மாற்றச் சொல்லி முன்மொழிந்தது. ஓட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஆதரவு 6,82,191, எதிர்ப்பு 6,33,636. ஜெயித்துவிட்டார்கள்! விதிப்படி எல்லாம் சரி. டைம்லாக்கின் இரண்டு நாள் இடைவெளி இருந்ததால் பேச்சுவார்த்தைக்கு நேரம் கிடைத்தது, முன்மொழிவு ரத்தானது. 2021-இல் கழுத்தை நெரித்த அதே காத்திருப்பு 2024-இல் காப்பாற்றியது.

காத்திருப்பு பெயருக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பீன்ஸ்டாக் என்ற தளம். 2022 ஏப்ரல் 17. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால், முன்மொழிந்து ஒரு நாள் கடந்ததும், ஓட்டு விழுந்த அதே நொடியில் அவசரமாக நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழி இருந்தது. தாக்கியவர் முந்தைய நாளே முன்மொழிவுகளைப் பதிந்துவைத்தார். மறுநாள் ஒரே பரிவர்த்தனைக்குள் நூறு கோடி டாலருக்கு மேல் ஃபிளாஷ் லோன் (ஈடு இல்லாமல் வாங்கி அதே பரிவர்த்தனைக்குள் திருப்பிக் கட்டும் கடன்) வாங்கி, அதை ஓட்டாக மாற்றி, தன் முன்மொழிவுக்குத் தானே ஓட்டுப் போட்டு, பணத்தைத் தனக்கே அனுப்பிக்கொண்டு, கடனையும் திருப்பிக் கட்டிவிட்டார். தளத்துக்குச் சுமார் 182 மில்லியன் டாலர் இழப்பு. இரண்டு முன்மொழிவுகளில் ஒன்று, உக்ரைனுக்கு நன்கொடை தருவதாக வேஷம் போட்டிருந்தது. முந்தைய பிளாக்கின் இருப்பை வைத்து ஓட்டை எண்ணும் அந்தச் சின்ன விஷயம் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

போல்காடாட் சங்கிலியின் ஆட்சிமுறையான ஓப்பன்கவ் பற்றிக் கொஞ்சம். 2023-இல் முன்பிருந்த கவுன்சிலைக் கலைத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். முன்மொழிவின் அபாயத்துக்கு ஏற்பத் தனித்தனித் தடங்கள். சில்லறைச் செலவுக்கு ஒரு தடம், சங்கிலியின் அடித்தளத்தையே மாற்றுவதற்கு வேறு தடம். காலமும் தேவைப்படும் ஆதரவும் தடத்துக்குத் தடம் மாறும். எனக்குப் பிடித்தது, ஓட்டின் எடையை நேரத்தால் கூட்டிக்கொள்ளும் வசதி. டோக்கனைப் பூட்டாமல் போட்டால் ஓட்டில் பத்தில் ஒரு பங்கு எடைதான். 7 நாள் பூட்டினால் முழு எடை. 224 நாள் பூட்டச் சம்மதித்தால் ஆறு மடங்கு. 'உனக்கு இந்த முடிவில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அதன் விளைவோடு ஏழு மாதம் கூடவே இரு' என்று சொல்வது மாதிரி. நியாயமாகத்தான் படுகிறது. நான் ஒரு மடங்குக்கு மேல் போனதில்லை; அவ்வளவு நம்பிக்கை எனக்கு எதிலும் வருவதில்லை.

ஆனால் அங்கே வருகிற முன்மொழிவுகளின் எண்ணிக்கை! படித்து மாளாது. பொதுக் கருவூலத்தின் கதவைத் திறந்துவைத்தால் வரிசை நிற்கத்தான் செய்யும். 2024-இன் முதல் பாதியில் மட்டும் கருவூலத்திலிருந்து சுமார் 87 மில்லியன் டாலர் செலவானது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளம்பரத்துக்கு. அறிக்கை வந்ததும் சமூகத்துக்குள்ளேயே பெரிய சண்டை. கணக்கு வெளிப்படையாக இருந்ததால்தான் சண்டையாவது போட முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

டெசோஸ் என்ற சங்கிலி நிதானமான பிள்ளை. 2019-இல் ஏதென்ஸ் என்ற பெயரில் முதல் திருத்தம்; பிறகு பாபிலோன், கார்த்தேஜ் என்று அகர வரிசையில் ஊர்ப் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒரு திருத்தம் ஐந்து கட்டம் தாண்டி அமலுக்கு வர இரண்டரை மாதம் போல ஆகும். நடுவில் ஒரு முழுக் கட்டமே 'ஆற விடுவதற்கு'. 80 சதவீத ஆதரவு வேண்டும். சங்கிலி இரண்டாகப் பிளக்காமல் தன்னைத்தானே மாற்றிக்கொண்டு வருகிறது. எழுதுவதற்குப் பரபரப்பாக எதுவும் கிடைக்காத தளம். பணம் போட்டவளுக்கு அதுதானே வேண்டும்.

இனி, ஓட்டுப் பெட்டியே இல்லாத பெரியவர்கள் இருவர். பிட்காயினில் டோக்கன் ஓட்டு கிடையாது. எத்தீரியத்திலும் கிடையாது. முன்மொழிவு எழுதுவார்கள், டெவலப்பர்கள் வாரக்கணக்கில் விவாதிப்பார்கள், நிரல் வெளியாகும், நோடு (சங்கிலியின் நகலை வைத்து விதிகளைச் சரிபார்க்கும் கணினி) ஓட்டுகிறவர்கள் அதை நிறுவினால் மாற்றம், நிறுவாவிட்டால் இல்லை. முதலில் பார்த்தபோது இது ஆட்சிமுறையா குழப்பமா என்றே எனக்குப் புரியவில்லை.

2017-ஐப் படித்த பிறகுதான் புரிந்தது. மே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் கூடி, பிட்காயின் பிளாக்கின் அளவைப் பெரிதாக்க ஒப்பந்தம் போட்டன. புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனிங் சக்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் அவர்கள் பக்கம். எந்தக் கம்பெனியிலும் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. இங்கே, சாதாரணமாக வீட்டில் நோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டேன் என்றார்கள். நவம்பர் 8-ஆம் தேதி திட்டத்தைக் கைவிடுவதாக முன்னின்றவர்களே அறிவித்தார்கள். பெரிய பிளாக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த இன்னொரு கூட்டம் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போயிருந்தது. பிரியும்போது பழைய இருப்பு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. நான் மேலே கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தாராளமான பதில் எங்கும் கிடைக்காது.

இதே பிட்காயினில் 2010 ஆகஸ்டில் ஒரு பிழையால் 184 பில்லியன் பிட்காயின்கள் காற்றிலிருந்து முளைத்தன. சில மணி நேரத்தில் பிட்காயினை உருவாக்கிய சதோஷி திருத்திய பதிப்பை வெளியிட்டார், மற்றவர்கள் நிறுவிக்கொண்டார்கள், அந்தத் தவறான கிளை காய்ந்து உதிர்ந்தது. வீடு சின்னதாக இருந்தபோது ஒரு ஆள் சொன்னால் போதுமாக இருந்தது. இன்றைக்கு அப்படி ஒருவர் சொல்லி நடக்காது. பரவல் என்பது பிறப்பிலேயே வருவதில்லை போலிருக்கிறது.

எத்தீரியத்தின் 2016 கதையை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், வேறு காரணத்துக்காக. ஜூன் 17-ஆம் தேதி, தி டாவ் என்ற கூட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் கசிந்தது. ஜூலை 20-ஆம் தேதி, 19,20,000-ஆவது பிளாக்கில், சங்கிலியின் வரலாற்றுக்கு மேல் கைவைத்துப் பணத்தைத் திருப்பினார்கள். நடுவில் ஒரு கருத்து ஓட்டு நடந்தது. இருந்த மொத்த ஈதரில் ஆறு சதவீதம்கூடக் கலந்துகொள்ளவில்லை. ஏற்காதவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கி, அதை எத்தீரியம் கிளாசிக் என்று ஓட்டுகிறார்கள். கைவைத்தது தர்மமா இல்லையா என்று பத்து வருடமாக வாதாடுகிறார்கள். என் கண்ணில் படுவது ஒரு சின்ன விவரம்: திருடிய பணம் உடனே வெளியே போகாமல், அந்தக் கான்ட்ராக்டின், அதாவது சங்கிலியில் தானாக ஓடும் நிரலின், விதிப்படியே சில வாரம் ஒரு கிளைக் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அத்தனை விவாதமும் நடந்தது அந்தச் சில வாரத்துக்குள். அதே எத்தீரியத்தில் 2017 நவம்பரில் பாரிட்டி என்ற நிறுவனத்தின் வாலட்டுகளில் 5,13,774 ஈதர் உறைந்துபோனது. மீட்கக் கோரிக்கை வந்தது, ஏற்கப்படவில்லை. இன்றும் அங்கேயே கிடக்கிறது. ஒரு தடவை திறந்த கதவை அடுத்த தடவை திறக்கவில்லை. எந்த விதியில் எழுதியிருந்தது? எதிலும் இல்லை. நோடுகளை ஓட்டுகிறவர்களின் மனசில்தான்.

இனி மையமாக நடத்தப்படுபவை. என் தம்பி, சில நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் மூடிய சங்கிலி ஒன்றில் வேலை பார்க்கிறான். உள்ளே நுழையவே அனுமதி வேண்டும். "உங்கள் இடத்தில் விதியை மாற்றணும்னா என்னடா செய்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏழு கம்பெனி, ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கா. காலையில கேட்டா சாயங்காலம் முடிஞ்சிடும்."

"ஒருத்தர் ஒத்துக்கலைன்னா?"

"அவங்களுக்கு ஃபோன் பண்ணுவோம்."

சிரித்தேன். பிறகு யோசித்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரிடம் பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எனக்குப் பத்தொன்பது நாள் தெரியவில்லை.

ஆனால் அந்த வகைக்கும் ஒரு சாபம் உண்டு. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ், கப்பல் சரக்கு ஆவணங்களுக்கான தளம். போட்டிக் கப்பல் நிறுவனங்கள், எதிராளியின் வீட்டில் போய் நம் கணக்கு நோட்டை வைப்பதா என்று முதலில் தயங்கின. 2019-இல் சில பெரிய நிறுவனங்கள் சேர்ந்தும் உலகம் முழுக்க ஒத்துழைப்பு கூடிவரவில்லை. 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் மூடிவிட்டார்கள். தொழில்நுட்பம் ஓடியது, வீட்டுக்காரர் யார் என்பதில்தான் இடறியது.

பொதுச் சங்கிலியிலும் சிறிய வட்டம் உண்டு. 2022 அக்டோபரில் பிஎன்பி சங்கிலியின் பாலத்தில் (சங்கிலி விட்டுச் சங்கிலிக்கு டோக்கன் மாற்றும் வழி) இருந்த பிழையைப் பிடித்து 20 லட்சம் பிஎன்பியை உருவாக்கிக்கொண்டார்கள். இயங்கிக்கொண்டிருந்த வேலிடேட்டர்கள், அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துச் சங்கிலியில் சேர்ப்பவர்கள், 26 பேர். அவர்களைத் தொடர்புகொண்டு சங்கிலியையே நிறுத்தினார்கள். பெரும்பகுதி பணம் வெளியே தப்பவில்லை. 2025 மே மாதம் சுயி சங்கிலியில் சீட்டஸ் என்ற தளத்தில் இருபது கோடி டாலருக்கு மேல் திருட்டு. வேலிடேட்டர்கள் திருடியவரின் முகவரிகளிலிருந்து வந்த பரிவர்த்தனைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு 162 மில்லியன் டாலரை முடக்கினார்கள். பிறகு ஓட்டெடுப்பில் 90.9 சதவீத ஆதரவோடு பணத்தை மீட்டார்கள். பறிகொடுத்தவர் இடத்தில் நான் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பறிகொடுக்காதவள் என்பதால் உட்கார்ந்து யோசிக்கிறேன்: திருடனின் முகவரியை இவ்வளவு சுலபமாக முடக்க முடிந்தால், என் முகவரியை முடக்க என்ன தடை? தடை இருக்கிறது, அந்த நூற்றுச் சொச்சம் பேரின் நல்ல மனசு. தினமும் நம்பித் தூங்கலாம்தான்.

சின்ன வட்டத்தில் நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு ரோனின் சங்கிலியின் பாலம். ஒன்பது சாவி, ஐந்து இருந்தால் திறக்கும். நான்கு ஒரே நிறுவனத்திடம். ஐந்தாவது வேறு அமைப்பின் சாவி. 2021 நவம்பரில் கூட்ட நெரிசலைச் சமாளிக்க அந்த அமைப்பு தன் சார்பில் கையொப்பமிட நிறுவனத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. டிசம்பரில் தேவை முடிந்தது. அனுமதியை நீக்க மறந்துவிட்டார்கள். 2022 மார்ச் 23-ஆம் தேதி 1,73,600 ஈதர் போனது. 29-ஆம் தேதி ஒரு பயனர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. நீக்க மறந்த தற்காலிக அனுமதி! என் தொழிலில் வாரத்துக்கு ஒன்று எழுதும் பிழைப் பதிவு.

பரவலானவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2022-இல் ஜூனோ சங்கிலியில், ஏர்டிராப்பில் (இலவச டோக்கன் விநியோகம்) முறைதவறி அதிகம் வாங்கிவிட்டார் என்று ஒரு பெரிய வாலட்டின் டோக்கன்களைப் பறிமுதல் செய்ய ஓட்டுப் போட்டார்கள். மாதக்கணக்கில் சண்டை, தத்துவம், கண்ணீர். கடைசியில் நிறைவேறியது. சுமார் 36 மில்லியன் டாலர் மதிப்புள்ள டோக்கன்கள், யாருக்கும் சாவி இல்லாத முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. நிரலை எழுதியவர் முகவரியை ஒட்டுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த பரிவர்த்தனை எண்ணை ஒட்டிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வேலிடேட்டர்கள் அந்த நிரலை ஓட்டினார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அத்தனை பேர் இருந்தால் யாராவது ஒருவர் பார்த்திருப்பார் என்று அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள்.

ஸ்டீமை விட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. சங்கிலியை இயக்கும் இருபது 'சாட்சிகளை' டோக்கன்காரர்கள் தேர்ந்தெடுத்து நடத்திய சமூக ஊடகச் சங்கிலி. 2020 பிப்ரவரியில் அதன் தாய் நிறுவனத்தை, டிரான் சங்கிலியை நிறுவிய ஜஸ்டின் சன் வாங்கினார். நிறுவனத்திடம் இருந்த பெருந்தொகை டோக்கன்களால் அவர் ஓட்டுப் போடாதபடி சாட்சிகள் முடக்கினார்கள். மார்ச் 2-ஆம் தேதி மூன்று எக்ஸ்சேஞ்சுகள் (டோக்கன் வாங்கி விற்கும் சந்தைகள்), வாடிக்கையாளர்கள் நம்பிப் போட்டுவைத்த டோக்கன்களை ஓட்டாக்கிச் சாட்சிகளை ஒரே நாளில் மாற்றின. டோக்கனின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் டோக்கன் ஓட்டுப் போட்டதே தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓட்டைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் மார்ச் 20-ஆம் தேதி சமூகத்தின் பெரும்பகுதி ஹைவ் என்ற புதிய சங்கிலிக்குக் குடிபெயர்ந்தது. எக்ஸ்சேஞ்சில் டோக்கனை வைத்துவிட்டு 'நான் ஓட்டெல்லாம் போடுவதில்லை' என்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் அனுப்புவேன். நீங்கள் போடாவிட்டாலும் அது போடப்படலாம்.

சரி, நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன்? எத்தீரியத்தின் மேல் ஓடும் இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளுக்கு எல்டூபீட் என்ற தளம் இருக்கிறது. ஒவ்வொன்றின் பொத்தானும் சாவியும் யாரிடம், காத்திருப்பு எத்தனை நாள் என்று கூறு கூறாகப் போட்டிருப்பார்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று நிலைகள். இரண்டாம் நிலைக்குப் போக, பயனருக்கு வேண்டாத மாற்றம் வந்தால் வெளியேற குறைந்தது 30 நாள் தர வேண்டும். நிறைய அரட்டைகளைவிட அந்த ஒரு அட்டவணை எனக்கு உபயோகம். மற்ற தளங்களில் நானே மல்டிசிக்கைத் திறந்து முதல் வரவைத் தேடுகிறேன். இருபது நிமிட வேலை. டைம்லாக்கில் ஏதாவது வரிசைக்கு வந்தால் கைபேசிக்குத் தகவல் வருமாறு வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு நள்ளிரவில் அப்படி வந்தது: கடனுக்கு ஈடாக வைத்த டோக்கனின் மதிப்பைக் குறைக்கும் மாற்றம். அமலாக இன்னும் 31 மணி நேரம் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்பது நிமிடத்தில் கடனை அடைத்து வெளியே வந்து, மறுபடி படுத்துத் தூங்கினேன். அந்தத் தளத்தில் என் ஓட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த 31 மணி நேரத்துக்கு இருந்தது.

ஆரம்பத்தில் சொன்ன முன்மொழிவுக்கு வருகிறேன். ஆறு வரிக் கட்டளையை நிரலாக மாற்றிப் படித்துப் பார்த்தேன். விளக்கத்தில் இருந்ததும் அதில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன, ஒரு எண்ணைத் தவிர. அந்த எண் தவறா வேண்டுமென்றே போட்டதா என்று மன்றத்தில் கேட்டுவிட்டு எதிர்த்து ஓட்டுப் போட்டேன். 96 சதவீதம் 96 சதவீதமாகவே இருந்தது. மறுநாள் எழுதியவர் "நல்ல கேள்வி, தட்டச்சுப் பிழை, அடுத்த முன்மொழிவில் சரிசெய்கிறோம்" என்று பதில் போட்டார். அமலாகிவிட்டது; யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் என் ஓட்டை ஒரு டெலிகேட்டிடம், அதாவது என் சார்பில் ஓட்டுப் போடும் பிரதிநிதியிடம், ஒப்படைத்துவிட்டேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, படம்கூட ஒரு ஆந்தை. ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணம் எழுதுவார். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம், அவருடைய பழைய பதிவுகளில் ஒன்று: "இதை முழுதாகப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஓட்டுப் போடவில்லை."